1949 விம்பிள்டன் பெண்கள் இறுதி: லூயிஸ் பிரவ், ஒரே நாளில் 117 கேம்

கணக்குப்பிள்ளை | ஜூலை 2, காலை 7.10

1949 விம்பிள்டன் பத்தி எதைத் திறந்தாலும் ஒரே வரிதான். அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை லூயிஸ் பிரவ் கடைசிச் சனிக்கிழமை, ஜூலை 2 அன்னைக்கு, மூணு இறுதிப் போட்டி ஆடினார், மொத்தம் 117 கேம். யாரும் கூட்டிப் பார்த்த மாதிரி தெரியல. ஒருத்தர் எழுதினதை அடுத்தவர் அப்படியே எடுத்து எழுதறார். புல்தரையில ஒரே நாள்ல 117 கேம் நடக்கற காரியமா? கூடவே இன்னொண்ணு: அந்த ஒற்றையர் இறுதிதான் விம்பிள்டன் பெண்கள் இறுதிகளிலேயே நீளமானதுன்னு நினைக்கறேன். ஸ்கோர் தெரிஞ்சவங்க வாங்க.

புல்தரை | ஜூலை 2, காலை 8.02

கூட்டிப் பார்த்தாச்சு. 117 சரி.

ஒற்றையர்: மார்கரெட் ஆஸ்போர்ன் டூபான்டை 10-8, 1-6, 10-8 என்று பிரவ் வென்றார். 18, 7, 18. ஆக 43.

பெண்கள் இரட்டையர்: அதே டூபான்ட் இப்போது கூட்டாளி. எதிரே கஸ்ஸி மொரான், பேட் டாட். 8-6, 7-5 வெற்றி. 14, 12. ஆக 26.

கலப்பு இரட்டையர்: ஜான் பிராம்விச்சோடு சேர்ந்து ஆடி, எரிக் ஸ்டர்ஜஸ், ஷீலா சம்மர்ஸ் ஜோடியிடம் 7-9, 11-9, 5-7 தோல்வி. 16, 20, 12. ஆக 48.

43ம் 26ம் 69. அதோடு 48 சேர்த்தால் 117. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆட்டம்.

"நீளமானது" என்பதுதான் தவறு. 1919இல் சூசான் லாங்லான், டோரதி லாம்பர்ட் சேம்பர்ஸை வென்றது 10-8, 4-6, 9-7. அது 44 கேம். 1970இல் மார்கரெட் கோர்ட், பில்லி ஜீன் கிங்கை வென்றது 14-12, 11-9. இரண்டே செட், 46 கேம். கேம் கணக்கில் 1949 மூன்றாவதாக நிற்கிறது. நேரக் கணக்கு வேறு. அதில் 2005இல் வீனஸ் வில்லியம்ஸ், லிண்ட்சே டேவன்போர்ட்டோடு ஆடிய 2 மணி 45 நிமிட இறுதி முன்னே வந்துவிடும். அதில் கேம் 39தான்.

கணக்குப்பிள்ளை | ஜூலை 2, காலை 8.20

ஒத்துக்கறேன். ஆனா 48 கேம் ஆடின பெண்கள் இறுதி ஒண்ணு எங்கேயோ படிச்ச ஞாபகம். அதுவும் இதே ரெண்டு பேர்.

புல்தரை | ஜூலை 2, காலை 8.31

அது ஃபாரஸ்ட் ஹில்ஸ், 1948 அமெரிக்க சாம்பியன்ஷிப். 4-6, 6-4, 15-13. ஜெயித்தது டூபான்ட். கடைசி செட் மட்டும் 28 கேம். பத்து மாதம் கழித்து விம்பிள்டனில் அதற்குப் பதில் கிடைத்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

நெட்டோரம் | ஜூலை 2, பகல் 12.45

இந்த 117 முழுக்க டை-பிரேக் (செட் இழுபறியானா ஒரே ஒரு கேம் வச்சு முடிக்கறது) இல்லாத காலத்து எண். அப்ப ரெண்டு கேம் முன்னிலை வர்ற வரைக்கும் செட் போயிட்டே இருக்கும். டை-பிரேக் இருந்திருந்தா எவ்வளவு வரும்னு போட்டுப் பார்த்தேன். செட்டை யார் ஜெயிச்சாங்களோ அவங்களே டை-பிரேக்கும் ஜெயிச்சதா வச்சுக்குவோம்.

விம்பிள்டன்ல டை-பிரேக் வந்தது 1971. அப்ப 8-8ல தான் தொடங்கும், கடைசி செட்ல கிடையாது. அந்த விதிப்படி:
ஒற்றையர் 17, 7, 18 = 42
இரட்டையர் 14, 12 = 26
கலப்பு 17, 17, 12 = 46
மொத்தம் 114. மூணு கேம்தான் மிச்சம்!

1979ல 6-6க்குக் கொண்டு வந்தாங்க. கடைசி செட்டுக்கும் 6-6லயே பத்துப் புள்ளி டை-பிரேக்னு 2022ல வந்தது. இன்னைய விதிப்படி:
ஒற்றையர் 13, 7, 13 = 33
இரட்டையர் 13, 12 = 25
கலப்பு 13, 13, 12 = 38
மொத்தம் 96.

கணக்குப்பிள்ளை | ஜூலை 2, பகல் 1.05

கலப்புல முதல் செட் 9-7. அதாவது 16 கேம். டை-பிரேக் வச்சா 17 ஆகுதா? கேமைக் குறைக்க வந்த விதி ஒரு கேம் கூட்டிக் கொடுக்குதே!

நெட்டோரம் | ஜூலை 2, பகல் 1.11

அடடா. 9-7ல முடிஞ்ச செட் 8-8ஐத் தொடவே இல்லை. 8-7, உடனே 9-7. அதனால 16 அப்படியே நிக்கும். கலப்பு 45, மொத்தம் 113. நாலு கேம் மிச்சம். 96 மாறாது.

புல்தரை | ஜூலை 2, மாலை 6.40

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் தெரிகிறது. பிரவ் அன்று ஆடிய எட்டு செட்டில் ஒரே ஒரு செட்தான் ஜெயித்தவர் ஆறு கேம் எடுத்ததோடு முடிந்தது, அதுவும் அவர் தோற்ற 1-6. மற்ற ஏழும் 7-5, அல்லது அதற்கு மேல். மூன்று போட்டி ஆடுவது அந்தக் காலத்தில் அதிசயம் இல்லை. மூன்றுமே இழுத்துக்கொண்டு போனதுதான் அன்றைய கூத்து.

ஒப்பிட 1951 இருக்கிறது. டாரிஸ் ஹார்ட் ஒரே நாளில் மூன்று பட்டமும் எடுத்தார். ஒற்றையரில் ஷிர்லி ஃப்ரையை 6-1, 6-0. ஃப்ரையோடு சேர்ந்து பிரவ், டூபான்ட் ஜோடியை 6-3, 13-11. ஃபிராங்க் செட்ஜ்மனோடு கலப்பில் 7-5, 6-2. 13, 33, 20. மூன்று பட்டத்துக்கு 66 கேம். பிரவ் 117 ஆடி இரண்டு பட்டம்.

அண்மைக் காலத்துக்கு வந்தால் 2012இல் செரீனா ஒரே சனிக்கிழமை ஒற்றையரும் இரட்டையரும் வென்றார். 6-1, 5-7, 6-2. பிறகு வீனஸோடு 7-5, 6-4. 27ம் 22ம் 49.

ரெண்டாம் சர்வீஸ் | ஜூலை 2, இரவு 9.15

117ல பாதி, அதாவது 58 கேம் சர்வீஸ் போட்டிருக்கார். தோள்பட்டை என்ன ஆகியிருக்கும்!

கணக்குப்பிள்ளை | ஜூலை 2, இரவு 9.50

இல்லைங்க, ஒற்றையர்லதான் பாதி. இரட்டையர்ல நாலுல ஒண்ணு.

ஒற்றையர் 43. சர்வீஸ் செட் தாண்டியும் மாறி மாறியே போகும். முதல்ல தொடங்கினவருக்கு 22, மத்தவருக்கு 21.

இரட்டையர், முதல் செட் 14 கேம். ஒரு ஜோடிக்கு 7. அதுல முதல்ல போட்டவருக்கு 4, மத்தவருக்கு 3. ரெண்டாவது செட் 12, ஜோடிக்கு 6, ஆளுக்கு 3. ஆக பிரவுக்கு 6 அல்லது 7.

கலப்புலதான் அழகு. 16, 20, 12 எல்லாமே நாலால மீதியில்லாம வகுபடும். 4, 5, 3. யார் தொடங்கியிருந்தாலும் நாலு பேருக்கும் சரியா 12.

மொத்தம் 39, 40 இல்லைன்னா 41. ஒரு கேம் ஜெயிச்சாலும் தோத்தாலும் குறைஞ்சது நாலு புள்ளி. அதனால மிகக் குறைச்சலாப் பார்த்தாலும் 156 புள்ளிக்கு அவர் கையில இருந்து சர்வீஸ் போயிருக்கணும். டியூஸ் (40-40 இழுபறி), தவறிப்போன முதல் சர்வீஸ் எல்லாம் தனி.

மட்டைக்காரர் | ஜூலை 3, காலை 6.30

எண்ணிக்கையை விட எந்த சர்வீஸ் என்பதுதான் விஷயம். பிரவ் போட்டது அமெரிக்கன் ட்விஸ்ட். உடம்பைப் பிழிந்தெடுக்கும் சர்வீஸ் அது.

வலது கைக்காரருக்குச் சொல்கிறேன். பந்தைத் தலைக்கு நேர் மேலே, கொஞ்சம் இடப்பக்கமாகவும் பின்பக்கமாகவும் எறிய வேண்டும். முழங்கால் மடங்கும், முதுகு பின்னால் வளையும். சர்வீஸ் போடுபவரின் பின்னாலிருந்து பார்த்தால் பந்தை ஒரு கடிகார முகமாக வைத்துக்கொள்ளலாம். மட்டை ஏழு மணியில் தொட்டு ஒரு மணிப் பக்கமாக மேலே வழித்துக்கொண்டு போக வேண்டும். அடிக்கிற வேகம் குறைவு, வழிக்கிற வேகம் அதிகம். பந்து வலையைத் தாராளமாகத் தாண்டி, திடீரென்று கீழே இறங்கி, தரையில் பட்டதும் சர்வீஸ் போட்டவரின் வலப்பக்கம் பாயும். எதிரே நிற்பவர் வலது கைக்காரர் என்றால் அது அவருக்கு பேக்ஹேண்ட் பக்கம். அவருடைய இடது கட்டத்துக்குப் போட்டால் ஆளை மைதானத்துக்கு வெளியே இழுத்துவிடும். பந்து மெதுவாகப் பறப்பதால் போட்டவருக்கு நெட்டுக்கு ஓட ஒரு அடி கூடக் கிடைக்கும். நெட்டுக்கு வந்து வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) அடித்தே புள்ளி எடுத்த பிரவுக்கு இதுதான் மூலதனம்.

கெடுவது எங்கே? எறிவதில். பந்து ஒரு சாண் முன்னால் போனால் வழிக்க இடம் இல்லை. தட்டையாக அடிபட்டு நெட்டில் விழும், அல்லது நீண்டுவிடும். அதிகமாகப் பின்னால் போனால் இடுப்பும் முழங்கையும் வாங்கிக்கொள்ளும். கை களைத்தால் வழிப்பு மந்தமாகி, பந்து கட்டத்தின் நடுவில் இடுப்பு உயரத்துக்கு எழும்பி "வா, அடி" என்று நிற்கும். இதெல்லாம் மூன்றாவது போட்டியில், முப்பதாவது சர்வீஸ் கேமில்!

அந்தக் காலத்தில் சர்வீஸின்போது துள்ளவும் முடியாது. பின்னாளில் விதி தளரும்வரை ஒரு பாதமாவது தரையில் இருந்தாக வேண்டும். உயரம் முழுக்க முதுகு வளைவிலிருந்தே வர வேண்டும்.

ரெண்டாம் சர்வீஸ் | ஜூலை 3, காலை 7.45

அப்ப கலப்புல தோத்தது களைப்பாலதான். முடிஞ்சது கதை.

மட்டைக்காரர் | ஜூலை 3, காலை 8.10

அப்படி முடிக்க முடியாது. களைத்துச் சாய்ந்தவர்கள் 20 கேம் நீண்ட செட்டை 11-9 என்று எடுக்க மாட்டார்கள். பிரவ் நாலில் ஒரு பங்குதான் சர்வீஸ் போட்டார் என்று மேலே கணக்கே இருக்கிறது. அடுத்த பங்கு பிராம்விச். அவர் ஒரு விசித்திர ஆட்டக்காரர்: சர்வீஸ் வலது கையால், இடப்பக்கப் பந்துக்கு இடது கை, வலப்பக்கத்துக்கு இரண்டு கையும். ரிடர்னும் கோணமும் அற்புதம், சர்வீஸ் சாதாரணம். சர்வீஸால் ஆளை அடக்குகிற ஜோடி இல்லை அது. எதிரே ஸ்டர்ஜஸ் ஒற்றையரில் உலகத் தரத்தில் இருந்தவர்.

புல்தரை | ஜூலை 3, காலை 9.00

இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். 7-5 என்ற கடைசி செட்டில் ஒரே ஒரு பிரேக் (எதிராளி சர்வீஸ் போடும் கேமை ஜெயிப்பது) வித்தியாசம் போதும். அந்த ஒரு பிரேக் களைப்பில் வந்ததா, ஸ்டர்ஜஸின் ரிடர்னில் வந்ததா என்பதை ஸ்கோர் காட்டாது.

ரெண்டாம் சர்வீஸ் | ஜூலை 3, காலை 9.04

சரி, "களைப்பாலதான்"ல இருந்து "தான்" மட்டும் எடுத்துக்கறேன்.

நெட்டோரம் | ஜூலை 3, பகல் 2.20

உட்காராம ஆடினாங்கங்கறதை யாரும் சொல்லலையே. பக்கம் மாறும்போது உட்கார நாற்காலி விம்பிள்டன்ல 1975லதான் வந்தது. அதுக்கு முன்னாடி நெட் கம்பத்துகிட்ட நின்னு, துண்டால முகத்தைத் துடைச்சு, ஒரு மடக்கு குடிச்சிட்டு நடக்க வேண்டியதுதான்.

எத்தனை தடவை? 1, 3, 5ன்னு ஒற்றைப்படை கேம் முடியும்போது பக்கம் மாறணும். ஒற்றையர் 9, 4, 9 = 22. இரட்டையர் 7, 6 = 13. கலப்பு 8, 10, 6 = 24. மொத்தம் 59 தடவை. ஒரு தடவைகூட உட்காரல.

மட்டைக்காரர் | ஜூலை 3, இரவு 8.35

மட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரச் சட்டம், குடல் நரம்பு. பந்து சரியாகப் படும் நடுப்பகுதி இன்றைய மட்டையில் இருப்பதைவிட ரொம்பச் சின்னது, தள்ளிப் பட்டால் முறுக்கிக்கொண்டு கை அதிரும். குடல் நரம்பு ஈரத்தை உறிஞ்சினால் தொய்யும், இழை பிரியும். அதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட மட்டையோடு வருவார்கள். ஆடாதபோது நாலு மூலையிலும் திருகு வைத்த மரச் சட்டத்துக்குள் மட்டையை இறுக்கி வைப்பார்கள். ஒரு திருகை மட்டும் அதிகமாக இறுக்கினால் மட்டைமுகம் கோணும். நாலையும் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிர் மூலையாக இறுக்க வேண்டும். பஸ் டயர் போல்ட் மாதிரி.

தரையும் வேறு. 2001இல் முழுக்க ரை புல்லுக்கு மாற்றும்வரை ரையோடு ஃபெஸ்க்யூ என்ற புல்லும் கலந்திருந்தது. பந்து தாழ்வாக வழுக்கும், எழும்புவது சீராக இருக்காது. தரையில் பட விடாமல் நெட்டில் நின்று வாலியில் முடிப்பதுதான் புத்திசாலித்தனம். பிரவ், டூபான்ட் இரண்டு பேரும் அதே வழிதான். ட்விஸ்ட் சர்வீஸ் இந்தத் தரையில் களிமண்ணில் எழும்புகிற அளவு எழும்பாது, ஆனால் பக்கவாட்டுப் பாய்ச்சல் போகாது.

கணக்குப்பிள்ளை | ஜூலை 4, காலை 7.00

ஜோடியாவும் எதிரியாவும் ஒரே பிற்பகல்ல ஆடினது எப்படி இருந்திருக்கும்? 43 கேம் ஒருத்தரை ஒருத்தர் ஓட விட்டுட்டு, பிறகு ஒரே பக்கத்துல நின்னு 26 கேம்.

புல்தரை | ஜூலை 4, காலை 7.25

அவர்களுக்கு அது வழக்கம். ஜோடியாக 20 பெரிய பட்டம்: அமெரிக்கா 12, விம்பிள்டன் 5, பிரான்ஸ் 3. அமெரிக்காவில் 1942 முதல் 1950 வரை ஒன்பது ஆண்டு விடாமல். டூபான்ட் அந்த 1949இல் பிரெஞ்சு, அமெரிக்க ஒற்றையர் இரண்டும் எடுத்தவர். அந்த ஆண்டு அவருக்குத் தவறியது இந்த 8-10 மட்டும்தான் என்று சொல்லத் தோன்றுகிறது... இல்லை, ஆஸ்திரேலியாவை மறந்துவிட்டேன். அங்கே அவர் ஆடப் போனதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் என்று திருத்திப் படிக்கவும்.

நெட்டோரம் | ஜூலை 4, காலை 10.10

இவ்வளவு நடந்தும் 1949ன்னா ஊருக்கு நினைவு வர்றது கஸ்ஸி மொரானோட உள்ளாடை ஓரத்து லேஸ். டெட் டின்லிங் தைச்சது. புகைப்படக்காரங்க தரையில படுத்துப் படம் எடுத்தாங்க, கிளப் கொதிச்சுது, பல வருஷமா அங்கே வேலை பார்த்த டின்லிங் வெளியே போனார். மொரான் ஒற்றையர்ல ஐந்தடிக்கும் குறைவான உயரக்காரர் ஜெம் ஹோவாஹிங்கிட்டத் தோத்தார்ங்கறதுகூட லேஸுக்கு அடியில மறைஞ்சு போச்சு.

புல்தரை | ஜூலை 4, காலை 10.40

அதே மொரான் இறுதிச் சனிக்கிழமை 8-6, 7-5 என்று பிரவ், டூபான்ட் ஜோடியை இழுத்துப் பிடித்தவர். அதையும் மறக்கிறோம்.

ரெண்டாம் சர்வீஸ் | ஜூலை 4, மாலை 5.30

பிரவுக்கு இந்த 9-7, 10-8 ராசி விடவே இல்லை போல. 1950 ஃபாரஸ்ட் ஹில்ஸ், அல்தியா கிப்சன்?

புல்தரை | ஜூலை 4, மாலை 6.15

அதேதான். அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் ஆடிய முதல் கறுப்பினப் பெண் கிப்சன், இரண்டாம் சுற்றில் விம்பிள்டன் சாம்பியன் பிரவ். முதல் செட் பிரவ் 6-1, இரண்டாவது கிப்சன் 6-3, மூன்றாவதில் கிப்சன் 7-6 முன்னிலை. அப்போது புயல். அரங்கின் உச்சியிலிருந்த கல் கழுகு ஒன்று இடி விழுந்து சரிந்தது. ஆட்டம் மறுநாளுக்குப் போனது. மறுநாள் மூன்றே கேம், மூன்றும் பிரவுக்கு. 9-7. ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசிக்க வைப்பதைவிடக் கொடிய சர்வீஸ் எதுவும் இல்லை.

மட்டைக்காரர் | ஜூலை 5, காலை 6.50

எறிவதில் கெடும் என்று மேலே எழுதினேன். அது பிரவுக்கே பின்னாளில் நடந்தது. 1950களில் அவர் பந்தை எறிவது தடுமாறத் தொடங்கியது. எறிவார், அடிக்காமல் விட்டுவிடுவார், மறுபடி எறிவார். முழங்கை வலியும் சேர்ந்துகொண்டது. மரீன் கானலியிடம் 1952, 1954 என்று இரண்டு விம்பிள்டன் இறுதி நேர் செட்டில் போனது.

ஆனாலும் 1955இல் நாலாவது பட்டம். எதிரே பெவர்லி பேக்கர் ஃப்ளைட்ஸ், மட்டையைக் கை மாற்றி மாற்றி இரு பக்கமும் ஃபோர்ஹேண்ட் அடிப்பவர். யோசித்துப் பாருங்கள், ட்விஸ்ட் சர்வீஸின் முழு வேலையும் பேக்ஹேண்டைத் துரத்துவது. இங்கே துரத்த பேக்ஹேண்டே இல்லை! அப்படிப்பட்டவருக்கு உடம்பை நோக்கிப் போடுவதுதான் வழி. எந்தக் கைக்கு மாற்றுவது என்று அரை நொடி திணறுவார். 7-5, 8-6.

நெட்டோரம் | ஜூலை 5, காலை 7.30

சம்பந்தமில்லாம ஒண்ணு: கானலிகிட்டப் பிரவ் தோத்த அந்த 1954 விம்பிள்டன்லதான் நம்ம ராமநாதன் கிருஷ்ணன் ஆஷ்லி கூப்பரை வென்று சிறுவர் ஒற்றையர் பட்டம் எடுத்தார்.

கணக்குப்பிள்ளை | ஜூலை 5, இரவு 10.05

திரும்பவும் முதல் பதிவுக்கு வர்றேன். ஸ்கோரை வேற மாதிரி கூட்டிப் பார்த்தேன். ஒற்றையர்ல பிரவ் ஜெயிச்ச கேம் 10, 1, 10. மொத்தம் 21. டூபான்ட் 8, 6, 8. மொத்தம் 22. கோப்பை வாங்கினவர் ஒரு கேம் குறைச்சல்!

அப்புறம் மூணையும் சேர்த்தேன். இரட்டையர் 15க்கு 11. கலப்பு 23க்கு 25. அன்னைக்கு முழுக்க பிரவ் பக்கம் 59, எதிர்ப்பக்கம் 58.

ரெண்டாம் சர்வீஸ் | ஜூலை 5, இரவு 10.12

பக்கம் மாறினதும் 59 தடவைன்னு நெட்டோரம் சொன்னாரே?

கணக்குப்பிள்ளை | ஜூலை 5, இரவு 10.14

அது தற்செயல். ஜோசியத்துக்குக் கொண்டு போகாதீங்க.